முகத்தில் அசத்தும் மென்பொருள், வானத்தில் படுத்தும் பாடு

பிளாக் எனும் சதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில், சுவரில் பெரிய படம் ஒன்று கட்டப்போகும் நண்பர், நான் ரொம்ப நாளாகப் பயன்படுத்தும் பட மாற்று மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டார். 'தாராளமாக' என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். காரணம் ஒரே ஒரு டிக் பெட்டி. அதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியாது.

போட்டோவை பிளாக்குகளாக மாற்றுவது, எந்த பிளாக் எத்தனை வேண்டும் என்று பட்டியல் தருவது, கட்டுமானத்தை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்கீமேட்டிக் கோப்பாகச் சேமிப்பது எல்லாம் இதிலும் உண்டு. படத்தின் உயரம் விளையாட்டின் எல்லையான 384 பிளாக்கைத் தாண்டினால் எச்சரிக்கவும் செய்கிறது. இதையெல்லாம் எல்லா மென்பொருளும் செய்யும். இதை நான் விடாமல் வைத்திருப்பது மனித முகத்துக்காக.

மாநிறத் தோலை பிளாக்கில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும். சிவப்பு, பச்சை, நீல எண்களை மட்டும் ஒப்பிட்டு நிறம் தேடும் சாதாரணக் கருவிகள் கன்னத்தில் ஆரஞ்சையும் கழுத்தில் சாம்பலையும் கொண்டுவந்து வைக்கும். ஆள் நோயாளி மாதிரி இருப்பார். இந்த மென்பொருள், கண்ணுக்கு எந்த நிறம் எதற்கு நெருக்கமாகத் தெரியும் என்பதை வைத்துக் கணக்குப் போடும் லேப் வண்ணவெளியில் தேடுகிறது. அதனால் டெரகோட்டா எனும் சுட்ட மண் பிளாக் வகைகளைச் சரியாகப் பிடிக்கிறது. டெரகோட்டாவின் 16 நிறங்களும் மண் கலந்த மங்கல் நிறங்கள். தோல் நிறத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. மீதிக்கு கிரானைட், பேக்டு மட், ஜங்கிள் பலகை என்று நான் நினைத்தே பார்க்காத பிளாக்குகளை எடுத்துக் கொடுக்கிறது. 2023இல் இளஞ்சிவப்புப் பலகை தரும் செர்ரி மரம் விளையாட்டுக்குள் வந்த பிறகு உதட்டு நிறமும் சுலபமாகிவிட்டது. அம்மாவின் பழைய போட்டோ ஒன்றை இதில் போட்டேன். கன்னத்து மேட்டிலிருந்து தாடைக்கு இறங்கும் நிழலில் ஒரு இடத்தில்கூட நான் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அம்மாதான் தெரிந்தார். இந்த ஒரு விஷயத்தில் நான் பார்த்த எந்தக் கருவியும் இதன் பக்கத்தில் வராது.

சரி, இப்போது அந்த டிக் பெட்டிக்கு வருகிறேன். அதன் பெயர் டித்தரிங்.

இல்லாத நிறத்தை, இருக்கும் நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து கண்ணுக்குக் காட்டும் உத்தி இது. ஃப்ளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட முறைதான் இன்றும் பெரும்பாலும் ஓடுகிறது. ஒரு புள்ளியில் நிறம் எவ்வளவு பிசகியதோ, அந்தப் பிசகில் 16இல் 7 பங்கை வலது பக்கத்துப் புள்ளிக்கும், மீதி 3, 5, 1 பங்குகளைக் கீழ் வரிசையில் இருக்கும் மூன்றுக்கும் தள்ளிவிடும். அழகான கணக்கு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. தரையில் அடுக்கிய பிளாக்குகளை மேலிருந்து பார்த்ததுபோல் சுருக்கிக் காட்டும், விளையாட்டுக்குள் இருக்கும் மேப்பில் வரையும்போது அது அற்புதமாக வேலை செய்கிறது. 128க்கு 128, அதாவது 16,384 பிளாக்குகள் தரையில் கிடந்தாலும், சட்டத்தில் மாட்டிய மேப் ஒரே ஒரு பிளாக் அகலத்தில் அடங்கிவிடும். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சுவரில் அப்படியில்லை. அங்கே ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். வெளிர் நீல வானத்தைக் கொடுத்தால் கம்பளி, கான்கிரீட், சாம்பல், வெள்ளை என்று அள்ளித் தெளித்துவிடுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் வானத்துக்கு வேர்க்குரு வந்தது போல இருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டால் அதே வானம் பேக்டு ஐஸில் இரண்டு மூன்று பட்டைகளாகச் சுத்தமாக வந்து நிற்கும். அவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்த மென்பொருள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டித்தரிங்கைத் தானாகவே போட்டுக்கொண்டு வருகிறது. நான் எடுத்த டிக்கை அது நினைவில் வைப்பதே இல்லை. எந்தெந்த பிளாக்கைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலில் (பேலட்) நான் நீக்கிய பிளாக்குகளும் அதேபோலத் திரும்பி வந்துவிடும். மணல், கிராவல், கான்கிரீட் பவுடர் எல்லாம் அடியில் தாங்க எதுவும் இல்லாவிட்டால் பொலபொலவென்று கீழே விழும் பிளாக்குகள். அவற்றைத் தினமும் நான்தான் துரத்த வேண்டும்.

பிளாக்குகள் கணக்கில்லாமல் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையில் ஸ்கீமேட்டிக்கை அப்படியே ஒட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம். எல்லாவற்றையும் தேடிச் சேர்க்க வேண்டிய சர்வைவல் முறையில் கையால் கட்டுகிறவர்களுக்குத்தான் வலி. கைக்கு எடுக்கும் பிளாக்குகளுக்குத் திரையின் கீழே இருக்கும் பட்டையில் 9 கட்டம்தான். ஒரே நிறமாக இருந்தால் மவுஸை அழுத்திக்கொண்டு ஓடிவிடலாம். புள்ளி தெளித்த வரிசையில் ஒவ்வொரு பிளாக்குக்கும் கட்டத்தின் எண்ணை மாற்ற வேண்டும், பத்தாவது நிறம் வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு வானம் முழுக்க இப்படிக் கட்டிப் பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். 'ஒரு வரிசைக்கு 9 நிறத்துக்கு மேல் வேண்டாம்' என்று ஒரு கட்டுப்பாடு, தனியாக நிற்கும் ஒற்றை பிளாக்கைப் பக்கத்து நிறத்தில் கரைக்க ஒரு பொத்தான், படத்தில் நான் குறிக்கும் இடத்துக்கு மட்டும் டித்தரிங். இந்த மூன்றையும் கேட்டு மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு எழுதினேன். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் புதிய பிளாக்குகள் வந்தன, இருட்டு நிறத் திரை வந்தது. நான் கேட்டது எதுவும் வரவில்லை. டிக்கை நினைவில் வைப்பதற்கு ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினால் போதுமே! அதைக்கூடச் செய்யாதது, தங்கள் மென்பொருளை வைத்து ஒருவர் உட்கார்ந்து கட்டுகிறார் என்பதை அவர்கள் யோசிக்கவே இல்லை என்று காட்டுகிறது.

மற்றதெல்லாம் பரவாயில்லை. மேப்புக்குப் படிக்கட்டு முறை இருக்கிறது. வடக்குப் பக்கத்து பிளாக்கைவிட உயரமா, சமமா, தாழ்வா என்பதைப் பொறுத்து ஒரே பிளாக்கில் மூன்று சாயல் கிடைக்கும். அதைப் பிழையில்லாமல் செய்கிறது. பொருள் பட்டியலை 64, 64ஆகப் பிரித்துக் காட்டுவதும் நல்ல உதவி.

நண்பருக்குக் கடைசியில் 'வேண்டாம்' என்றுதான் எழுதினேன். முகத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது, நானும் இதை விடப்போவதில்லை. ஆனாலும் அவர் கட்டப்போவது சர்வைவலில், படத்தில் பாதி வானம். இன்றைய நிலையில் இதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு என் வழி இது. ஒரே போட்டோவை இரண்டு முறை மாற்றுங்கள், டித்தரிங்கோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டையும் ஒரு கிரியேட்டிவ் உலகில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உலகத்தை வெட்டி ஒட்ட உதவும் வேர்ல்டுஎடிட் கருவியில், டித்தரிங் உள்ளதன் முகப் பகுதியை மட்டும் வெட்டி, டித்தரிங் இல்லாததன் மேல் ஒட்டுங்கள். அதைப் புதிய ஸ்கீமேட்டிக்காகச் சேமித்து ஸ்கீமேட்டிக்கைக் கட்டும் இடத்தில் நிழல்போலக் காட்டும் லைட்மேட்டிகாவில் ஏற்றினால், பொருள் பட்டியலையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் கொடுத்த பட்டியலை அதன்பின் நம்ப வேண்டாம், கணக்கு மாறியிருக்கும்.