கனரக லாரிகளுக்குத் தூண் லிஃப்ட்: நாமக்கல் பட்டறையில் பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

லாரிப் பட்டறைக்கு லிஃப்ட் வாங்க விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை டன் தூக்கும் என்பதைத்தான். விற்பவர்களும் அந்த எண்ணையே பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருகிறார்கள். சக்கரங்களின் அருகே தனித்தனித் தூண்களைத் தள்ளி வைத்து வண்டியைத் தூக்கும் நகரும் தூண் லிஃப்டைப் பல ஆண்டுகளாக நாள்தோறும் வேலை வாங்கிய பிறகு, நான் அந்த எண்ணை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். ஒரு தூண் எத்தனை டன் தாங்கும், அதன்மேல் வண்டியின் எந்த அச்சு வந்து அமரும் என்பவையே லிஃப்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

பத்துச் சக்கர லாரியை, அதாவது நாங்கள் டாரஸ் என்று அழைக்கும் வண்டியை, எடுத்துக்கொள்வோம். 2018இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்புகளை உயர்த்தியபோது இதன் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. பின்புற ஜோடி அச்சுக்கு மட்டும் 21 டன் வரை அனுமதி. தலா 7.5 டன் தாங்கும் நான்கு தூண்கள் இருந்தால் மொத்தம் 30 டன் ஆகிறது, காகிதத்தில் போதும். ஆனால் இரண்டு தூண்களை முன்சக்கரங்களிலும் இரண்டைப் பின்புறத்திலும் வைத்துப் பாரத்தோடு தூக்கினால், பின்தூண் ஒவ்வொன்றின்மேலும் 10.5 டன் விழும். அதே வண்டிக்கு ஆறு தூண்கள் வைத்து, ஜோடி அச்சின் நான்கு முனைகளையும் தனித்தனியே பிடித்தால், பின்தூண் ஒன்றுக்கு 5.25 டன்தான். பாரத்தை இறக்கிவிட்டு வரச் சொல்லலாமே என்று கேட்கலாம். வழியில் பழுதாகி வரும் வண்டிகளில் பாதி சிமெண்டோ கம்பியோ ஏற்றியபடிதான் வருகின்றன. முட்டை ஏற்றிய வண்டியின் ஓட்டுநரிடம் சரக்கை இறக்கி ஏற்றச் சொன்னால் அவர் அடுத்த முறை நம் பட்டறைப் பக்கமே திரும்பமாட்டார்.

லிஃப்ட் எதற்கு, வண்டியின் அடியில் நின்று வேலை செய்யத் தரையில் தோண்டும் குழி போதாதா என்பது இங்கே பழைய வாதம். குழி மலிவு, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆனால் நாமக்கல், சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளின் ஊர். அந்த எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. சிறிது கசிந்தாலும் மேலே கலைந்து போகாமல் தாழ்வான இடம் தேடிக் குழியில் தங்கிவிடும். டேங்கரை முழுதாகக் காலிசெய்து வாயு நீக்கிய பிறகே பட்டறைக்குள் விடவேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும் என்றாலும், சமதரையில் நின்று வேலை செய்யும் மெக்கானிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குழிக்குள் நிற்பவருக்குக் கிடையாது. மழைக்காலத்தில் குழியில் ஊறும் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு தூண் லிஃப்ட் கார்களுக்கும் சிறிய சரக்கு வண்டிகளுக்கும் சரி, லாரிக்கு உதவாது. வண்டியை மேலே ஏற்றி நிறுத்தும் நிலையான நான்கு தூண் மேடை உறுதியானது. ஆனால் ஒரு வண்டி நிற்கும் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், டிரெய்லருக்கு நீளம் போதாது. நகரும் தூண்களை எந்த நீள வண்டிக்கும் தள்ளி வைக்கலாம். இவற்றின் குறை ஒன்றே: தூணிலிருந்து நீளும் கவைகள் சக்கரத்தையே பிடித்துத் தூக்குவதால், பிரேக் டிரம்மைக் கழற்றவோ ஹப்புக்குக் கிரீஸ் வைக்கவோ வேண்டுமானால் சேஸின் அடியில் கனரக ஸ்டாண்டுகளைக் கொடுத்து, வண்டியை அவற்றின்மேல் அமர்த்திய பிறகே சக்கரத்தை எடுக்க முடியும். எனவே ஸ்டாண்டுகளின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

தூணை உயர்த்துவது மோட்டார் சுழற்றும் திருகுத்தண்டு வகையா, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையா என்பதில் என் சாய்வு ஹைட்ராலிக் பக்கம். அதற்குக் காரணம் தேய்மானம். திருகுத்தண்டில் முழுச் சுமையும் ஒரு வெண்கல நட்டின் மரைகளில் தொங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் மரை உராய்வதால், வேலை கூடக் கூட நட்டு மெலிகிறது. அதற்குத் துணையாகப் பாதுகாப்பு நட்டு ஒன்று சுமை தாங்காமல் கூடவே நகரும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறைவதை அளந்து பார்த்தால் முதல் நட்டின் தேய்மானம் தெரியும். இந்த இடைவெளியை உறையைக் கழற்றாமல் பார்க்க வழியில்லாத லிஃப்டை நான் வாங்கமாட்டேன், ஏனென்றால் கழற்றிப் பார்க்கவேண்டியதை எந்தப் பட்டறையிலும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. ஹைட்ராலிக் தூணில் சீல் பழுதானால் எண்ணெய்க் கசிவு தரையிலேயே தெரிந்துவிடும்; சுமையைப் படிப்படியாகப் பிடிக்கும் இயந்திரப் பூட்டு தனியே இருப்பதால் வண்டியைப் பூட்டின்மேல் அமர்த்திவிட்டு நிம்மதியாக அடியில் வேலை செய்யலாம். மின்சாரம் போனாலும் அந்தப் பூட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

தரையை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. தூணின் மொத்தச் சுமையும் அடித்தகட்டின் சிறு பரப்பில் இறங்குவதால், பழைய மெல்லிய சிமெண்டுத் தளம் முதலில் விரிசல் விட்டு, பிறகு பொடியத் தொடங்கும். எங்கள் தளத்தை எம்25 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டில், கம்பி கட்டி, எட்டு அங்குலக் கனத்தில் போட்டோம். தண்ணீர் ஓடுவதற்கென்று தளத்துக்குக் கூடுதல் சாய்வு கொடுப்பது இங்கே வழக்கம். தூண்கள் நிற்கும் பகுதியில் அதைத் தவிர்க்கவேண்டும், சாய்ந்து நிற்கும் தூணில் கவைகள் ஏறி இறங்க உதவும் உருளைகள் ஒரு பக்கமாகவே தேயும்.

தூண்களை ஒரே மட்டத்தில் உயர்த்தும் மின்னணுக் கட்டுப்பாட்டில் கேபிள் வகையைவிடக் கம்பியில்லா வகை எங்களுக்கு நன்றாக உழைத்தது. தரையில் கிடக்கும் கேபிளின்மேல் லாரிச் சக்கரம் ஏறாமல் ஒரு பட்டறையை நடத்துவது யாராலும் ஆகாது. பேட்டரியில் இயங்கும் தூண் என்றால் நம் ஊர்க் கோடையையும் நினைவில் கொள்ளவேண்டும்: தகரக் கூரையின் கீழ் ஈய அமில பேட்டரிகள் தயாரிப்பாளர் சொல்லும் காலத்துக்கு முன்பே தளர்கின்றன. அவை கடையில் கிடைக்கும் சாதாரண அளவா, அந்த நிறுவனம் மட்டுமே தரும் தனி வடிவமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சீல் தொகுப்பு, உருளை, கட்டுப்பாட்டு அட்டை ஆகியவற்றுக்கும் இதே கேள்விதான். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பில் உண்டு என்று எழுத்தில் தருபவரிடம் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் அவரிடமே வாங்குவேன்.