வீட்டுக்கே வந்த பிரசவப் பின்கவனிப்பு: 11 மாதம் கழித்து எழுதுகிறேன்

என் மகளுக்கு இப்போது 11 மாதம். பிரசவம் முடிந்த கையோடு, 6 வாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை ஒன்றை எடுத்திருந்தேன். நர்ஸ், தாய்ப்பால் ஆலோசகர், கடைசியில் ஒரு முறை பிசியோதெரபிஸ்ட். அப்போதே எழுதியிருந்தால் 5 நட்சத்திரம் போட்டிருப்பேன். இப்போது மனசு வரவில்லை.

தாய்ப்பால் ஆலோசகரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அவர் 4ஆம் நாள் வந்தபோது எனக்கு இரண்டு காம்பும் வெடித்திருந்தது. குழந்தை சிணுங்கினாலே உடம்பு நடுங்கும். நான் பால் கொடுப்பதை ஒரு வேளை முழுக்கப் பேசாமல் பார்த்தார். அப்புறம் அவளை என் பக்கம் முழுசாகத் திருப்பி, மூக்கு காம்புக்கு நேராக வரும்படி பிடித்து, வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுக்கச் சொன்னார். அதுவரை வெறும் காம்பை மட்டும் திணித்துக்கொண்டிருந்தேன்! முகவாய் மார்பில் அழுந்தியது, வலி பாதியாகக் குறைந்தது. பால் போதுமா என்று கேட்டதற்கு, "டயபரை எண்ணுங்க" என்றார். 5ஆம் நாளுக்குப் பிறகு தினமும் குறைந்தது ஆறு டயபராவது நனைய வேண்டுமாம். ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டு எண்ணினேன்.

நர்ஸ் தையல், ரத்தப்போக்கு, பிரஷர் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அந்த அளவில் சரி.

கோபம் வேறு இடத்தில். 6ஆம் வாரம், கிளம்பும் அவசரத்தில் நர்ஸ் எடின்பரோ படிவத்தை நீட்டினார். மன அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் 10 கேள்விகள். வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்கும்போது யார் உண்மையைக் குறிப்பார்கள்? போதாததற்கு, அது கேட்பதே கடந்த 7 நாளைப் பற்றித்தான். எனக்கு 4ஆம் மாதம்தான் ஆரம்பித்தது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது, எதிலும் பிடிப்பில்லை. போன் செய்தால், "உங்க பேக்கேஜ் முடிஞ்சிருச்சு மேடம்" என்றார்கள். யாரிடம் போகலாம் என்றுகூடச் சொல்லவில்லை. நானே மனநல மருத்துவரைத் தேடிப் போனேன். பிரசவமாகி ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இது வரலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த இடுப்புத்தளப் பயிற்சியை (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) விடாமல் செய்தேன். மூன்று மாதத்தில் தும்மும்போது சிறுநீர் கசிவது நின்றது.

எடுப்பதாக இருந்தால், ஒரு வருகையை 4ஆம் மாதத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.