வந்து போகும் நாயா, பள்ளியிலேயே இருக்கும் நாயா?

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் நாயைப் பார்ப்பது இப்போது அரிதல்ல. ஆனால் "எங்கள் பள்ளியில் நாய் உண்டு" என்று இரண்டு தலைமையாசிரியர்கள் சொன்னால், இருவரும் ஒரே ஏற்பாட்டைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பள்ளிக்கு, தொண்டு அமைப்பில் பதிவான நாய் தன் உரிமையாளருடன் வாரம் ஒருமுறை வந்து, சற்று நேரம் இருந்துவிட்டுப் போகும். இன்னொரு பள்ளியில் நாய் பள்ளி நேரம் முழுவதும் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் அது ஓர் ஆசிரியரோ தலைமையாசிரியரோ வளர்க்கும் நாய். காலையில் அவருடன் வந்து மாலையில் அவருடன் வீடு திரும்பும். ஐந்து வயது முதல் எட்டு, ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்துச் சொன்னால், நான் வந்து போகும் நாயின் பக்கம்.

அங்கேயே இருக்கும் பள்ளி நாய்க்கென்று ஒரு பெரிய பலம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மாவின் கையை விடாமல் பள்ளி வாசலிலேயே அழுதுகொண்டு நிற்கும் குழந்தைக்கு உதவி தேவைப்படுவது திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு. வியாழக்கிழமை மதியம் வரும் நாயால் அங்கே பயனில்லை. தெரிந்த நாய் ஒன்று வாசலில் காத்திருந்தால், "வா, இதற்குத் தண்ணீர் வைக்கலாம்" என்று ஒரு சின்ன வேலையைக் கொடுத்துக் குழந்தையை உள்ளே அழைத்துப் போகலாம். பெரியவர்களின் கேள்விகளுக்கு வாய் திறக்காத குழந்தைகள் நாயின் முன்னிலையில் இளகிப் பேசுவதை நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், ஜிங்கிள்ஸ் என்ற தன் நாயை வைத்து 1962இலேயே கட்டுரையாக எழுதினார். அந்த நெருக்கம் தினமும் கிடைப்பது பள்ளி நாயால்தான்.

அப்படியிருந்தும் நான் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை? நாயோடு யார் இருக்கிறார் என்பதே காரணம்.

வந்து போகும் நாய்களைப் பதிவுசெய்யும் அமைப்புகளில் ஒன்று, பிரிட்டனில் 1983இல் தொடங்கிய 'பெட்ஸ் ஆஸ் தெரபி'. அதில் ஒரு நாய் சேர வேண்டுமானால் ஒன்பது மாதம் நிறைந்திருக்க வேண்டும். உரிமையாளரிடம் ஆறு மாதமாவது வளர்ந்திருக்க வேண்டும். திடீர்ச் சத்தத்துக்கு மிரளுகிறதா, பாதத்தையும் வாலையும் தொட விடுகிறதா, தின்பண்டத்தை மெதுவாக வாங்குகிறதா, வாரை இழுக்காமல் நடக்கிறதா என்றெல்லாம் சோதித்துப் பார்ப்பார்கள். இந்தச் சோதனைகளைவிடவும் நான் பெரிதாக மதிப்பது, அந்த நாயுடன் வருபவருக்குப் பள்ளியில் வேறு வேலையே இல்லை என்பதைத்தான். அவர் கண் நாயின் மேலேயே இருக்கும். உதட்டை நக்குகிறது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால் நாய்க்குப் போதும் என்று பொருள். உடனே எழுந்து வெளியே அழைத்துச் செல்வார். முப்பது குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரால் அதே நேரத்தில் மூலையில் படுத்திருக்கும் நாயின் கண்ணையும் காதையும் கவனிக்க முடியுமா? முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சிறு குழந்தைகள் என்றால் இது இன்னும் முக்கியமாகிறது. பல்லைக் காட்டி உறுமும் நாயின் முகத்தைச் சிரிக்கும் முகமாகச் சிறுவர்கள் எடுத்துக்கொள்வதை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மூன்று, நான்கு வயதில் இந்தத் தவறு அதிகம். எச்சரிக்கை செய்யும் நாயைக் கட்டிப்பிடிக்கப் போகும் குழந்தையைத் தடுக்க, பக்கத்தில் ஒரு பெரியவரின் கை இருந்தே ஆக வேண்டும்.

நாயின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வளர்ந்த நாய் பகலிலும் பல மணி நேரம் உறங்கும் பிராணி. அமெரிக்காவின் 'பெட் பார்ட்னர்ஸ்' அமைப்பு, தன் நாய்கள் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்தப் பணியில் இருக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. பள்ளி நாளோ ஆறு மணி நேரத்துக்கும் மேல். மணியோசை, உணவுக்கூட இரைச்சல், நடையில் போகிற வருகிற ஒவ்வொரு கையும் தலையைத் தடவுவது என எல்லாவற்றுக்கும் நடுவே நாய் ஓய்வெடுக்கத் தனி அறை ஒதுக்கிய பள்ளிகளும் இருக்கின்றன. ஒதுக்க முடியாத பள்ளிகள் இந்த யோசனையைத் தள்ளிப் போடுவதே நாய்க்கு நல்லது.

ஆய்வுச் சான்றும் குறுகிய சந்திப்பின் பக்கமே சாய்கிறது. அதே லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் 105 பேரும் சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைகள் 44 பேரும் பங்கேற்றார்கள். சிலர் வாரம் இருமுறை, இருபது நிமிடம், நான்கு வாரங்களுக்கு நாயுடன் இருந்தார்கள். சிலருக்குத் தளர்வுப் பயிற்சி. சிலருக்கு வழக்கமான வகுப்பு மட்டும். மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவை உமிழ்நீரில் பார்த்தபோது, பொதுப் பள்ளிகளில் வழக்கமான வகுப்பில் மட்டும் இருந்தவர்களுக்குப் பள்ளிப் பருவம் நகர நகர அது ஏறியிருந்தது. நாயோடு இருந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. இதைக் காட்டி ஆறு மணி நேர நாய்க்கு வாதாட முடியாது; அளந்தது இருபது நிமிடங்களைத்தான்.

நாய்க்கு வாசித்துக் காட்டும் திட்டங்கள் தனி ரகம். 1999இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 'ரீட்' என்ற பெயரில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவின. பிழையைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு துணை, திக்கித் திணறி வாசிக்கும் குழந்தைக்குப் பெரிய விடுதலை. வாசிப்புத் திறனே உயரும் என்று விளம்பரப்படுத்துவதை மட்டும் நான் ஏற்கவில்லை. இதுபற்றிய 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பலன் தென்பட்டாலும் சான்றுகளின் தரம் குறைவு என்றே சொன்னது.

செலவில் வந்து போகும் நாயே எளிது. தன்னார்வலர்கள்தான் அழைத்து வருகிறார்கள். பள்ளி நாய்க்குத் தடுப்பூசி, காப்பீடு, தீவனம் என்று ஆண்டுக்கணக்கில் செலவு தொடரும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கையடக்கமான சிறு வளர்ப்புப் பிராணிகளான கினிப்பன்றிகள். ஆஸ்திரேலியாவில் மார்கரீட் ஓஹேர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையையும் வகுப்புத் தோழர்கள் இருவரையும் சேர்த்து அமர்த்தி, பொம்மைகளோடு பத்து நிமிடமும் இரண்டு கினிப்பன்றிகளோடு பத்து நிமிடமும் விட்டுப் பார்த்தார்கள். கினிப்பன்றிகள் இருந்தபோது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதிகம் பேசினார்கள், அதிகம் சிரித்தார்கள், மற்றவர் முகத்தை அதிகம் பார்த்தார்கள். நாயைக் கண்டாலே நடுங்கும் குழந்தை வகுப்பில் இருந்தால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். நாய்க்கடி பட்ட குழந்தையிடம் "இது ஒன்றும் செய்யாது" என்று சொல்லிப் பக்கத்தில் தள்ளிவிடுவது கொடுமை. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு லேப்ரடூடில் என்ற லேப்ரடார்-பூடில் கலப்பின நாயை வாங்கினால் போதும் என்பதும் தவறு. ஒவ்வாமை தராத இனம் என்று எதுவும் இல்லை.

பள்ளி நாய்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்ட பள்ளிகள் குட்டியை வாங்கி நேரே வகுப்பில் விடாமல் இருந்தால் அதுவே பாதி வெற்றி. குட்டி முதல் ஓராண்டு வீட்டில் வளரட்டும். பிறகு வெளியாள் ஒருவர் அதன் குணத்தைச் சோதிக்கட்டும். உங்கள் குழந்தையின் பள்ளியில் ஏற்கெனவே நாய் இருக்கிறதென்றால், அது குழந்தைகளுடன் இருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்பவருக்கு வேறு பொறுப்பு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று பதில் வந்தால், அந்த நேரத்துக்கு இன்னொருவரை நியமிக்கும்படி எழுத்திலேயே கேட்கலாம்.