மதிலோரத்துக் குட்டை எக்சோரா: சில வருட அனுபவம்

தெகிவளையில் புது வீடு கட்டி முடித்த சிநேகிதி, மதிலோரம் வரிசையாகக் குட்டை எக்சோரா (வெட்சி) வைக்கலாமா என்று கேட்டாள். எங்கள் வெள்ளவத்தை வளவில் அது நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

பூவில் ஒரு குறையும் இல்லை. வருடம் முழுக்க ஏதாவது ஒரு கிளையில் சிவப்புக் கொத்து இருக்கும். மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கினால் இலையே தெரியாது. கொத்தும் வாரக்கணக்கில் நிற்கும், முருகன் படத்துக்குப் பூ வாங்கவே தேவையில்லை. நுனியில்தான் மொட்டு வரும் என்பதால், அடிக்கடி சதுரமாகக் கத்தரிக்க மட்டும் விடக்கூடாது.

என் கோபமெல்லாம் அந்த மஞ்சள் இலைமீது. மதிலோரத்துச் செடிகளில் வரும் ஒவ்வொரு குருத்தும் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அதே நாளில் வாங்கிய கன்றுதான் வாசல் பக்கம், மதிலுக்குத் தள்ளி நிற்கிறது, அது கரும்பச்சை. எக்சோராவுக்குப் புளிப்பு மண் வேண்டும். நம் பக்கத்துக் கபுக் மண், அதாவது செம்புரைக்கல் மண், இயல்பிலேயே அப்படித்தான். ஆனால் மதிலடியில் இருப்பது மண்ணா? மேசன் விட்டுப்போன சீமெந்துக் கட்டியும் சாந்தும். மழைக்கு அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்க இறங்க, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. எங்கு வைத்தாலும் வளரும் என்று சொல்லி விற்ற நர்சரிக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரும்பு சல்பேட் போட்டால் சுண்ணாம்பு மண்ணில் அதுவும் சீக்கிரம் முடங்கிவிடும். இலைக்குத் தெளித்தால் அந்த இலை பச்சையாகும், அடுத்த குருத்து மறுபடி மஞ்சள். இரும்பை முடங்கவிடாமல் பிடித்து வைக்கும் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புதான் இப்படிப்பட்ட மண்ணிலும் வேலை செய்கிறது. ஆனால் அதன் விலை! அதையும் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

இவ்வளவு பூத்தும், மதிலோரத்துக்கு வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். நியாயமாகப் பார்த்தால் பிழை செடியில் இல்லை, சரி. ஆனாலும் தினமும் காலையில் அந்த மஞ்சளைப் பார்க்கிறவள் நான். பெரிய சாடியில் கபுக் மண்ணும் கூட்டெருவும் கலந்து வைக்க விருப்பமென்றால் வரட்டும், வாசல் செடியில் பாதி முற்றிய தண்டாகப் பார்த்து வெட்டித் தருகிறேன்.