கிட்டாரில் ஒட்டும் 'கார்ட் டீச்சர்' விளக்குப் பட்டை: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டுக்கே வந்து டெமோ காட்டி, கிட்டாரின் கழுத்தில் ஒட்டும் ஒரு எல்இடி பட்டையையும், கூடவே ஒரு வருட ஆன்லைன் வகுப்பையும் சேர்த்து விற்கிறார்கள். எந்த கார்ட் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) பிடிக்க வேண்டுமோ அந்த இடத்தில் விளக்கு எரியுமாம். குழந்தை வாசிப்பதைக் கருவியே கேட்டு, சரியா தப்பா என்று சொல்லுமாம். பாளையங்கோட்டையில் என் அக்கா குடும்பம் இதற்காக ரூ.31,500 கொடுத்து ஏமாந்திருக்கிறது. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இன்னொரு வீட்டிலும் இதேதான் நடந்திருக்கிறது.

விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அட்டைப் பெட்டியில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர் என்று இருப்பதால், பெயரைத் தெரிந்துகொள்வதில் பெரிய பயனும் இல்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். அக்கா மகளுக்குக் கிட்டார் ஆசை வந்ததே அங்கே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அக்கா வீட்டுக்கு டெமோ ஆள் வந்து போயிருக்கிறான். திரும்பி வந்து, அவளை வாசிக்கச் சொன்னேன். சி மேஜர் என்று நினைத்துக்கொண்டு அவள் வாசித்தது காதில் நாராசமாக விழுந்தது. ஆனால் பட்டையோடு வரும் செயலியில் பச்சை டிக். "டிக் வந்துட்டு மாமா, சரியாத்தான் வாசிக்கேன்" என்றாள். அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. பணம் போனது பிறகு. கார்ட் கற்கும் பிள்ளைக்கு முதல் சில மாதங்களில் படிய வேண்டியது விரல் மட்டுமில்லை, காதும்தான். அந்தக் காதுக்குத் தப்பைச் சரி என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தது இந்தப் பெட்டி.

முதலில் விளக்குகளைப் பார்த்தேன். கிட்டாரில் ஃப்ரெட்கள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள்) எங்கே வரும் என்பது, கழுத்தின் முனையில் உள்ள நட்டிலிருந்து உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. அந்த நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் வரும் தூரம் கிடைக்கும். மீதமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃப்ரெட். இப்படியே போகும். பெரியவர்களின் முழு அளவு கிட்டாரில் கம்பி நீளம் பெரும்பாலும் 65 செ.மீ. ஒட்டி இருக்கும். அக்கா மகளுடையது 36 அங்குல கிட்டார், அளந்தால் கம்பி நீளம் 58 செ.மீ. அவள் கிட்டாரில் மூன்றாவது ஃப்ரெட் 9.2 செ.மீ.யில் இருக்கிறது. பட்டையோ முழு அளவு கிட்டாருக்கு அச்சடித்தது. அதில் மூன்றாவது ஃப்ரெட் 10.3 செ.மீ.யில் இருப்பதாகக் கணக்கு. விரல் வைக்க வேண்டிய இடம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் என்பதால், விளக்கு 9.8 செ.மீ.யில் எரிகிறது. அதாவது இந்தப் பிள்ளையின் கிட்டாரில் அந்த விளக்கு மூன்றாவது ஃப்ரெட்டைத் தாண்டி நான்காவது கட்டத்துக்குள் போய்விடுகிறது. சி மேஜருக்கு ஐந்தாவது கம்பியில் மோதிர விரல் வைத்து எடுக்க வேண்டிய சி, சி ஷார்ப் ஆகிவிடுகிறது. கார்டின் அடித்தளமே அரை சுரம் ஏறிவிட்டால் கேட்க எப்படி இருக்கும்? இரண்டாவது ஃப்ரெட்டுக்கான விளக்கும் அப்படித்தான், ஃப்ரெட் உலோகத்தை ஒட்டித் தாண்டி எரிகிறது. போதாக்குறைக்குப் பட்டையின் படலம் ஃப்ரெட்களின் மேலேயே படிந்து கிடப்பதால், கம்பி உலோகத்தில் நேராகப் படாமல் ஒலி மங்கிப்போகிறது.

டெமோவின்போது இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று அத்தானிடம் கேட்டேன். அந்த ஆள் தன்னுடைய 41 அங்குல முழு அளவு கிட்டாரைக் கையோடு கொண்டுவந்து அதில்தான் காட்டியிருக்கிறான். பிள்ளையின் கிட்டாரைத் தொடவே இல்லை.

அடுத்து அந்த டிக். செயலியில் சி மேஜர் பாடத்தை வைத்துக்கொண்டு ஏ மைனர் வாசித்தேன். இந்த இரண்டு கார்டிலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் அதே இடத்தில் இருக்கும், மோதிர விரல் மட்டும்தான் இடம் மாறும். இரண்டுக்கும் சி, இ என்று இரண்டு சுரங்கள் பொது. அதனால் நல்ல கருவிகூட இங்கே தடுமாறலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்து ஜி மேஜர் வாசித்தேன். டிக். எந்தக் கம்பியையும் அழுத்தாமல் ஆறையும் சும்மா இழுத்தேன். டிக். கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கிட்டாரின் மரப்பலகையில் விரல் முட்டியால் தட்டினேன். அதற்கும் டிக். செயலி அனுமதிகளைப் போனில் திறந்து பார்த்தேன். மைக் அனுமதியை அந்தச் செயலி கேட்கவே இல்லை. அப்படியானால் போன் எதையும் கேட்கவில்லை. ஏதாவது கேட்கிறது என்றால் பட்டையின் முனையில் இருக்கும் பெட்டிதான் கேட்க வேண்டும்.

அக்கா வீட்டுப் பெட்டியை நான் திறக்கவில்லை, அது சாட்சிப் பொருள். பாடகர் குழுவில் ஏமாந்த இன்னொரு வீட்டார், பணம் போனது போகட்டும் என்று தங்களுடையதை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அதைத் திறந்தேன். உள்ளே ஒரு சிறிய லித்தியம் பேட்டரி, ஒரு புளூடூத் தொகுதி, விளக்குகளை எரியவைக்கும் சிப், அப்புறம் பித்தளை வில்லையாக ஒரு பீசோ சென்சார். பீசோ என்பது அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுவது; அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு எடுத்துக்கொடுக்கும் பிக்கப்பிலும் அதுதான் இருக்கும், அதில் குறையில்லை. ஆனால் இங்கே பீசோவிலிருந்து வரும் கம்பி நேராக எட்டுக் கால் கம்பாரேட்டர் ஒன்றுக்குப் போகிறது. அதன் வெளியீடு ஒரே ஒரு இணைப்பாக, பெட்டியை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குப் போகிறது. கம்பாரேட்டர் சொல்வது இரண்டே செய்தி: அதிர்வு குறிப்பிட்ட அளவைத் தாண்டியது, தாண்டவில்லை. ஆறு கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் கார்டை அதிலிருந்து பிரித்தறிய முடியாது. மேஜரா மைனரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. விளம்பரத் தாளிலோ 'செயற்கை நுண்ணறிவு உங்கள் கார்டைக் கேட்டுத் திருத்தும்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இது தரக்குறைவு இல்லை, பொய்.

கார்டைக் கேட்டு அறியும் தொழில்நுட்பமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வருகிற ஒலியில் பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து கார்டைக் கண்டுபிடிக்கும் முறையை 1999லேயே ஜப்பானின் டகுயா ஃபுஜிஷிமா வெளியிட்டார். இன்றைய சாதாரண போனுக்கு அது பெரிய வேலை இல்லை. அதற்கும் எல்லைகள் உண்டு. சி சிக்ஸ்த்தும் ஏ மைனர் செவன்த்தும் சி, இ, ஜி, ஏ என்ற அதே நான்கு சுரங்கள்தான், சுரங்களை மட்டும் எண்ணினால் எது எதுவென்று சொல்ல முடியாது. ஆனாலும் மரப்பலகையைத் தட்டினால் சி மேஜர் என்று சொல்லாது. விளக்கு எரியும் கிட்டார்களும் நேர்மையாகச் செய்தவை உண்டு. அமெரிக்காவின் ஃப்ரெட்லைட் கிட்டார்களில் விளக்குகள் ஃப்ரெட்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், அதனால் இடம் தவற வழியில்லை. 1981ல் சுசுகி கொண்டுவந்த ஆம்னிகார்டில் பட்டனை அழுத்தினால் கார்ட் தானாக ஒலிக்கும், ஆனால் அது ஒரு வாத்தியமாக விற்கப்பட்டது, விரல் பழக்கித் தருகிறேன் என்று அல்ல. கீபோர்டு வாங்குபவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஒற்றை விரலில் கார்ட் ஒலிக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. சில யமஹா மாடல்களில் சி கட்டையோடு அதற்கு இடப்பக்கம் உள்ள அடுத்த கறுப்புக் கட்டையைச் சேர்த்து அழுத்தினால் சி மைனர் ஒலிக்கும். தாளத்தோடு பாட அது நல்ல வசதி. ஆனால் சி மைனர் என்பது சி, இ ஃபிளாட், ஜி என்பதை அது பிள்ளைக்குச் சொல்லித்தராது. கடைக்காரர் அதைக் காட்டி 'கார்ட் கற்றுத்தரும் கீபோர்டு' என்று விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

இனி பணம். பட்டைக்கு ரூ.6,500 அங்கேயே யுபிஐயில் வாங்கியிருக்கிறார்கள். வகுப்புக்கு ரூ.25,000. "மேடம், ஒரே தடவையில கட்ட வேண்டாம், மாசம் 2,084 ஃபீஸ் மாதிரி கட்டினா போதும், இன்னைக்கே சேர்ந்தாத்தான் இந்த விலை" என்று சொல்லி, ஆதார், பான் அட்டைகளைப் படமெடுத்து, அக்காவின் போனுக்கு வந்த ஓடிபியையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அது ஃபீஸ் தவணை இல்லை, அக்காவின் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன். மொத்தத் தொகையும் உடனே விற்றவன் கணக்குக்குப் போய்விட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் தவணை அக்காவின் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதிவு செய்த வீடியோக்கள், வாரம் ஒரு நேரலை. நேரலையில் எல்லாப் பிள்ளைகளின் மைக்கையும் அணைத்துவைத்துவிடுகிறார்கள், ஆசிரியர் ஒரு பிள்ளை வாசிப்பதைக்கூடக் கேட்பதில்லை.

டிஜிட்டல் கடன் என்றால், கையெழுத்தாகும் முன்பே வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனிலிருந்து அபராதமின்றி வெளியேற ஒரு கால அவகாசமும் அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டினால் அதற்குள் வெளியேறிவிடலாம். அந்தத் தாள் அக்காவின் மின்னஞ்சலுக்கு வந்து, யாரும் திறக்காமலே கிடந்திருக்கிறது. அந்த ஆள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடிபி கேட்கிறவன் எதிரே உட்கார்ந்திருந்தாலும், அந்தக் குறுஞ்செய்தியில் கடன் என்று இருக்கிறதா என்று முழுசாகப் படித்துவிடுங்கள். அவசரப்படுத்தினால் அன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது 'பெட்டி பிரித்த பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று பதில் வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் முதலில் புகாரைப் பதிந்தோம். அசைவு இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. நிதி நிறுவனத்துக்கும் தனியாக எழுதினோம். 30 நாட்களில் அவர்களிடமிருந்து சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம் என்று அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டோம். இப்போது மீதித் தவணைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கட்டிய பணமும் பட்டைக்கான 6,500ம் இன்னும் வரவில்லை.

தவணைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிபில் மதிப்பெண் விழும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே வந்து நிற்கும். எழுத்தில் புகார் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் எதையும் செய்ய வேண்டும்.

இப்படி ஒரு கருவியோடு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், உங்கள் பிள்ளையின் கிட்டாரில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் சற்று முன்னால் எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே தப்பாக வாசித்துப் பாருங்கள். கிட்டார் தெரியாதவர்கள் கம்பியை அழுத்தாமல் சும்மா தட்டினாலே போதும். அதற்கும் டிக் வந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். அக்கா வீட்டுப் பெட்டியில் முகவரியே இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெட்டி, ரசீது, யுபிஐ பதிவு, கடன் மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். தப்பாக வாசித்தும் டிக் வருவதை இன்னொரு போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், செயலியை அப்டேட் செய்யும் முன்பே. பணம் கொடுத்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஒரே பொருளால் ஏமாந்த பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து மனு போட, அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35(1)(சி) பிரிவில் வழி இருக்கிறது. வக்கீலிடம் போகும்போது அந்தப் பிரிவைக் குறித்துக்கொண்டு போங்கள்.