முல்லைத்தீவு இணைப்பு அறுந்த இரவில் எது தாங்கும்? மூன்று வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள்களின் அமைவுகள்

கிளிநொச்சியில் தலைமை அலுவலகமும், பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு என ஏ-35 வீதி நெடுகக் கிளைகளும் கொண்ட ஒரு சிறிய வலையமைப்பைப் பராமரிப்பவன் என்ற முறையில், ஸாபிக்ஸ், லிப்ரே என்.எம்.எஸ்., பி.ஆர்.டி.ஜி. ஆகிய மூன்று கண்காணிப்பு மென்பொருள்களையும் அடுத்தடுத்து நிறுவி ஓட்டிப் பார்த்தேன். வசதிப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரியும். வன்னியில் அவற்றின் வேறுபாடு வெளிப்படுவது, கார்த்திகை மழையில் இணைப்பும் மின்சாரமும் சேர்ந்தே போகும் இரவுகளில்தான் என்பதால், அந்த இரவோடு தொடர்புள்ள அமைவுகளுக்கே இங்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலிரண்டும் லினக்ஸில் ஓடும் கட்டற்ற மென்பொருள்கள். ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரிலிருந்து வரும் பி.ஆர்.டி.ஜி.க்கு விண்டோஸ் கணினி வேண்டும். 100 சென்சர் வரை இலவசம் (அளக்கப்படும் ஒவ்வொரு விடயமும் ஒரு சென்சர்). ஆனால், 24 போர்ட் சுவிட்ச் நான்கின் எல்லாப் போர்ட்டுகளையும் கண்காணிக்க முனைந்தாலே 96 சென்சர் முடிந்துவிடும்.

தொலைவிலுள்ள கிளையிலிருந்து தரவு சேகரிக்கும் விதத்தில்தான் மூன்றும் உண்மையில் பிரிகின்றன. ஸாபிக்ஸில் முல்லைத்தீவிலுள்ள ஒரு பழைய கணினியில் ப்ரொக்ஸி (மையத்துக்காகக் கிளையிலிருந்தே அளக்கும் துணை நிரல்) ஒன்றை நிறுவி, எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்துடன் ஓடவிட்டால், கிளிநொச்சிக்கான இணைப்பு இல்லாதபோதும் அது அளந்துகொண்டே இருந்து, இணைப்பு மீண்டதும் சேர்த்து அனுப்பும். ஆயினும், இணைப்பில்லாதபோது தரவை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதைக் குறிக்கும் ஒஃப்லைன் பஃபர் என்ற அமைவின் இயல்பு மதிப்பு 1 மணித்தியாலம் மட்டுமே என்பதை நான் கவனிக்கத் தவறினேன். ஒருநாள் இரவு முழுவதும் இணைப்பு அறுந்திருந்தது; காலையில் வரைபடத்தில் கடைசி ஒரு மணித்தியாலம் மட்டும் நிரம்பியிருக்க, மீதி வெறுமையாகக் கிடந்தது. அந்த மதிப்பை 720 மணித்தியாலம் வரை கூட்டலாம். நான் 72 வைத்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. 7.0 பதிப்பைப் புதிதாக நிறுவினால், ப்ரொக்ஸி தரவை முதலில் நினைவகத்தில் வைத்துப் பின்னர் வட்டில் எழுதும் கலப்பு முறை அமைவுக் கோப்பில் இடப்பட்டிருக்கும். யூ.பி.எஸ். பற்றரி தளர்ந்த இடங்களில் அதை நேரே வட்டில் எழுதும் முறைக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

பி.ஆர்.டி.ஜி.யில் கிளையிலிருந்து அளக்கும் ரிமோட் புரோப்பும் தரவைத் தேக்கிவைக்கும். ஆனால், அந்தத் தேக்கம் நினைவகத்திலேயே இருப்பதால், இணைப்போடு மின்சாரமும் போனால் தரவும் போய்விடும். லிப்ரே என்.எம்.எஸ்.ஸின் பரவல் முறைச் சேகரிப்பான் இதற்கு ஈடுகொடுக்கவே முடியாதது. அது மையத் தரவுத்தளத்துடன் இடையறாத தொடர்பை எதிர்பார்க்கிறது. எல்லாக் கருவிகளும் ஒரே கட்டடத்தில் உள்ள இடத்துக்கு இந்தக் குறை ஒரு பொருட்டல்ல.

அளக்கும் இடைவெளியிலும் இதே போக்குத்தான். ஸாபிக்ஸிலும் பி.ஆர்.டி.ஜி.யிலும் ஒரு நிமிட இடைவெளி வழமையானது, லிப்ரே என்.எம்.எஸ். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும். ஜெனரேற்றர் மாறும் இரண்டு நிமிடத் துண்டிப்பு அதன் கண்ணில் படாமலே போகலாம். அதை ஒரு நிமிடமாக்க, அளவீட்டு அட்டவணை, வரைபடத் தரவைச் சேமிக்கும் ஆர்.ஆர்.டி. கோப்பின் பதிவு இடைவெளி, அதன் காத்திருப்பு நேரம் மூன்றையும் மாற்றுவதோடு, ஏற்கெனவே உள்ள வரைபடக் கோப்புகளையும் உருமாற்ற வேண்டும். அவ்வளவு பாடுபடுவதைவிட, கருவி பதிலளிக்கிறதா என்று பார்க்கும் ‘பிங்’ சோதனையை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடும் அதன் தனி வசதியைப் பயன்படுத்துவது நல்லது. லிப்ரே என்.எம்.எஸ்.ஸுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆர்.ஆர்.டி. கோப்பின் பருமன் தொடக்கத்திலேயே நிலையாகிவிடுவதால், காலப்போக்கில் வட்டு நிரம்பிவிடும் என்ற கவலை வரைபடத் தரவுக்கு இல்லை. ஸாபிக்ஸின் தரவுத்தளமோ கவனிக்காவிட்டால் பெருத்துக்கொண்டே போகும்.

ஒரு மதிப்பை ஓரிடத்தில் மாற்றி எங்கும் பரப்புவதில் பி.ஆர்.டி.ஜி.யே முன்னிற்கிறது. மேலே வேரில் கருவிகளிடம் நிலையைக் கேட்டறியும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறைக்கான கடவுச்சொல்லை இட்டால், குழு, கருவி, சென்சர் எல்லாம் அதை வாரிசுரிமையாகப் பெறும். ஸாபிக்ஸில் மக்ரோ எனப்படும் பெயரிட்ட மதிப்புகள் வழியாக ஏறக்குறைய அதே பயன் கிடைக்கும். கருவியில் எழுதியது, பல கருவிகளுக்குப் பொதுவான வார்ப்புருவில் உள்ளதையும், வார்ப்புருவில் எழுதியது பொது மதிப்பையும் வெல்லும். லிப்ரே என்.எம்.எஸ்.ஸில் கடவுச்சொற்களின் பொதுப் பட்டியலை மாற்றினாலும், முன்பே சேர்த்த கருவிகள் பழைய கடவுச்சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, அமைவுக் கோப்பில் எழுதப்பட்ட எதையும் வலைப்பக்கத்தில் மாற்ற முடியாது. எனக்கு முன் இருந்தவர் கோப்பில் எழுதிவைத்த ஒரு வரியைத் தேடி அரை நாள் போயிற்று.

நேர வலயத்தையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இயங்குதளத்திலும், லிப்ரே என்.எம்.எஸ். எழுதப்பட்ட நிரல்மொழியான பி.எச்.பி.யின் இரண்டு அமைவுக் கோப்புகளிலும் கொழும்பு நேரத்தைக் குறிக்காவிட்டால், நள்ளிரவில் விழுந்த இணைப்பை அது முந்திய மாலை 6.30 என்று காட்டக்கூடும்.

இப்போது கிளைகளை ஸாபிக்ஸிடமும், தலைமை அலுவலகத்தின் சுவிட்சுகளை மட்டும் லிப்ரே என்.எம்.எஸ்.ஸிடமும் விட்டிருக்கிறேன். பரந்தன் இணைப்பு விழுந்தால் அதற்குக் கிழக்கேயுள்ள மூன்று கிளைகளும் தனித்தனியே எச்சரிக்கை அனுப்பாதிருக்க, ஸாபிக்ஸில் அவற்றின் தூண்டிகளை (எச்சரிக்கையை எழுப்பும் நிபந்தனைகளை) பரந்தன் தூண்டியில் தங்கியிருக்குமாறு பிணைத்திருக்கிறேன். இரவில் என் கைப்பேசிக்கு இப்போது ஒரு செய்திதான் வருகிறது.