பழனி மலையில் சீகை மரம்: வெட்டுவதா, விடுவதா, புல்வெளியை முதலில் காப்பதா?

கொடைக்கானல் மேல்மலையில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்தை என்ன செய்வது என்பதில் மூன்று கட்சி இருக்கிறது. ஒட்டுமொத்தமாக வெட்டி அகற்ற வேண்டும் என்பது ஒன்று. தொடாமல் விட்டால் அதன் நிழலிலேயே சோலை, அதாவது மலையின் இயற்கையான பசுமைக்காடு, திரும்பி வந்துவிடும் என்பது இன்னொன்று. மரத்தை அப்புறம் பார்க்கலாம், மிச்சமிருக்கும் புல்வெளியைக் காப்பாற்றுங்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் சொல்பவர்கள் மலை மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் பணமும் ஆளும் அளவாகத்தான் கிடைக்கும் என்பதால், எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

மேல்மலையின் இயல்பு இதுதான்: பள்ளமடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல். அந்தப் புல்லை வெறும் தரிசு என்று நினைத்துத்தான் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையையும், மரக்கூழுக்காக யூகலிப்டஸையும், கூடவே பைனையும் நட்டார்கள். நாற்பது ஆண்டு செயற்கைக்கோள் படங்களைக் கள ஆய்வோடு ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஒரு ஆய்வு, பழனி மலையில் 66 சதவீதப் புல்வெளியும் 31 சதவீத சோலையும் போய்விட்டதாகக் கணக்கிட்டது. காடு அழிந்துவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதைவிட இரு மடங்குக்கு மேல் அழிந்தது புல்வெளி.

முதலில், வெட்டும் கட்சியைப் பார்ப்போம். நீதிமன்ற உத்தரவுகளும் அரசின் கொள்கையும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. மரத்தை விற்றால் பணம் வரும், விறகு கிடைக்கும், வேலை நடந்திருப்பது கண்ணுக்கும் தெரியும். சிக்கல் மண்ணுக்குள் இருக்கிறது. சீகை விதையின் ஓடு கெட்டியானது; பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். மரம் போய் வெயில் தரையில் பட்டாலோ, தீ ஓடினாலோ ஒரே சமயத்தில் முளைக்கும். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். கீரைப் பாத்தி மாதிரி அடர்த்தியாக, இறகு இலையோடு நாற்று நிற்கும். அதைப் பிடுங்க ஆள் இல்லையென்றால் சில ஆண்டுகளில் முன்னைவிட நெருக்கமான சீகைக் காடுதான் மிஞ்சும். கனமழையில் திறந்த சரிவு அரித்துப் போவது தனிக் கதை.

இரண்டாவது கட்சியை நான் முதலில் நம்பவில்லை. விவரம் தெரிந்தபின் மதிப்பு கூடியது. பழைய சீகை, பைன் தோட்டங்கள் பலவற்றுக்குள் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. பக்கத்துச் சோலையில் பழம் தின்ற பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் அவை. நிழலும் ஈரமும் அவற்றுக்குப் பிடிக்கும்; சீகை நாற்றுக்கு அந்த நிழல் ஆகாது. இளந்தளிர் சிவந்த, தடித்த இலையுள்ள கன்றுகள் இடுப்பளவுக்கு நிற்கும் தோட்டத்தை மொட்டையடிப்பது, இலவசமாகக் கிடைத்த சோலையை நாமே மிதிப்பதற்குச் சமம். செலவும் அநேகமாக இல்லை. ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சோலை அருகில் இல்லாத தோட்டத்தில் விதை வராது. அதைவிடப் பெரிய குறை, இந்த வழியில் சோலை வரலாம், புல்வெளி ஒருபோதும் வராது. வரையாட்டுக்கும், நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கும், 2018-ல் பூத்து இனி 2030-ல் பூக்க வேண்டிய குறிஞ்சிக்கும் வேண்டியது திறந்த சரிவு.

தண்ணீர்க் கணக்கும் புல்வெளிப் பக்கமே சாய்கிறது. நீலகிரியில் கிளன்மார்கன் பகுதியில், அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் புல்வெளியின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். நட்டதிலிருந்து முதல் வெட்டு வரையான சுழற்சியிலேயே அங்கிருந்து வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த மரங்கள் அதைவிட அதிகம் குடித்தன. பழனி மலை ஓடைகள்தான் மஞ்சளாறு, குதிரையாறு, பாலாறு-பொருந்தலாறு அணைகளுக்குப் போகின்றன. மேலே மன்னவனூர், பூம்பாறையில் பூண்டு போடுகிறவர்களுக்கும் கோடையில் அதே ஊற்றுதான்.

"மரம் இருந்தால்தானே கரியமில வாயுவை இழுக்கும்?" என்று கேட்பார்கள். மரம் இழுக்கும், சரி. ஆனால் இந்த உயரத்தில் புல்வெளி தன் கரியின் (கார்பனின்) பெரும்பங்கை மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது. மார்ச், ஏப்ரலில் தீ ஓடினால் மேல் புல் கருகும், வேரும் மண்ணும் தப்பும், மழை பெய்ததும் மறுபடி பச்சை வரும். தோட்டத்தில் கரி தண்டிலும் சருகிலும் நிற்கிறது. பைன் சருகு எப்படிப் பற்றும் என்று தீ அணைக்கப் போன எவரைக் கேட்டாலும் தெரியும். மரம் நட்ட கணக்கை மட்டும் வைத்துக் காலநிலைக்கு நல்லது செய்தோம் என்று புல்மலையில் சொல்ல முடியாது.

என் ஓட்டு மூன்றாவது கட்சிக்கு. இருக்கும் புல்வெளியின் ஓரத்தில் முளைக்கும் சீகைக் கன்றை, மண் நனைந்திருக்கும் நாளில் கையாலேயே வேரோடு இழுத்துவிடலாம். அதே கன்று மரமானால் அரிவாள், ரம்பம், லாரி எல்லாம் வேண்டும். பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்கும் மேல்மலை ஊர்க்காரர்களுக்கும் ஆண்டுதோறும் கூலி தரக்கூடிய வேலையும் இதுதான். ஏலத்தில் மரம் எடுக்கும் ஒப்பந்தக்காரர் வேலை முடிந்ததும் போய்விடுவார். கேரளத்தில் மூணாறுக்கு அப்பால் பழத்தோட்டம் என்ற இடத்தில், தீயில் போன சீகைத் தோட்டத்தில் உள்ளூர் ஆட்களை வைத்தே நாட்டுப் புல்லை நட்டு வளர்த்திருக்கிறார்கள். ஆக, அழிந்த புல்வெளியைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியும். இருப்பதைக் காப்பதைவிட அதற்குப் பல மடங்கு உழைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே சோலைக் கன்று இருக்கும் தோட்டங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். சோலைக் கன்றும் இல்லாமல், பக்கத்துப் புல்வெளிக்குள் விதை கொட்டிக்கொண்டிருக்கும் தோட்டங்களை வெட்டத்தான் வேண்டும். அந்த டெண்டரில் வெட்டுக்கூலியோடு, பின்வரும் ஆண்டுகளில் நாற்றுப் பிடுங்கும் கூலியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத டெண்டரை வனத்துறை தள்ளிவைப்பதே மேல்.